ஷெட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டு

பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. முதலாளியம்மாவின் நீல நோட்டில் தபாலின் பெயருக்கு நேரே எழுதியிருந்த கடன் அது. கைமாற்றாக வாங்கியதில்லை, நோய்க்கு வாங்கியதில்லை, குடித்துத் தீர்த்ததும் இல்லை. ஆறு அக்ரிலிக் ஷீட், ஒன்று இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. அதன்மேல் கரண்டுக்கும் வெட்டுக்கூலிக்கும் ஆயிரம்.

பெயர்ப்பலகை செய்கிற பட்டறை அது. முன் ரூமில் ஒரு கம்ப்யூட்டர். அதில் டிசைனர் எழுத்துகளை வரைவாள். முற்றத்தைத் தாண்டி, பிளைவுட் அடுக்குகளைத் தாண்டி, பின்னால் ஷெட்டில் இன்னொரு கம்ப்யூட்டர். அது வெட்டு மிஷினோடு சேர்ந்தது. முன்னே வரைந்ததைப் பின்னே கொண்டுபோக வேண்டும். அதற்குத்தான் இவன். சட்டைப் பையில் பென் டிரைவைப் போட்டுக்கொண்டு எண்பத்திரண்டு எட்டு வைத்துப் போவான், எண்பத்திரண்டு எட்டு வைத்து வருவான். ஒரு நாளைக்கு நாற்பது நடை. நடுவில் லோடு ஏற்றுவது, இறக்குவது, பலகையைத் தூக்கி மாட்டப் போவது எல்லாம் தனி. ஆக, பட்டறையில் எல்லாரும் அவனைத் தபால் என்றே கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

ஒரு நாள் மருந்துக்கடை பலகைக்கு இரண்டு ஃபைல் இருந்தது. ஒன்றில் பழைய போன் நம்பர், ஒன்றில் புது நம்பர். தபால் பழையதைக் கொண்டுபோனான். மிஷின் என்ன கண்டது? கொடுத்ததை அழகாக வெட்டித் தள்ளியது. ஆறு ஷீட்டும் காலி.

வாரம் ஐந்நூறு பிடிப்பு. முப்பத்தேழு வாரம். அதைக் கேட்ட அன்றைக்கே அவன் மனைவி சலவைக் கடையில் சாயங்கால ஷிஃப்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். காலையில் இஸ்திரி, சாயங்காலமும் இஸ்திரி. அவன் வீட்டுக்குள் நுழையும்போது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பாள். "சோறு மூடி வச்சிருக்கேன்" என்பாள். அவ்வளவுதான் அன்றைய குடும்பம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு குறைவாகப் பேசிக்கொண்டது சண்டை போட்ட நாட்களில்கூட இல்லை. கடன் தீர்ந்தால்தான் அந்த ஷிஃப்டை விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான்.

பென் டிரைவ் இனிமேல் இந்தப் பட்டறைக்குள் வரக்கூடாது என்று முதலாளியம்மா ஆணையிட்டார். நெட்வொர்க்காரர் ஒருவர் வந்து, முன் ரூமுக்கும் ஷெட்டுக்கும் நடுவே வயர் இழுத்தார். இரண்டு கம்ப்யூட்டரும் லினக்ஸ் கம்ப்யூட்டர். ஷெட்டுக் கம்ப்யூட்டரில் ஃபைல் வந்து விழ, 'வரவு' என்று தனியாக ஒரு கணக்கும் அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் திறந்து, கணக்குக்கு இருபது எழுத்தில் பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போனார். இங்கே ஒரு கட்டளை அடித்தால் அங்கே ஃபைல் போய்விடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கும்.

இங்கேதான் வேடிக்கை. முதலாளியம்மா யாரையும் நம்பமாட்டார். பட்டறையின் எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். பாஸ்வேர்டும் ஒரு சாவிதானே? அதை யாருக்கும் சொல்லவில்லை.

"அம்மா, ஒரு ஃபைல் அனுப்பணும்!" என்று டிசைனர் குரல் கொடுப்பாள். முதலாளியம்மா மேஜையிலிருந்து எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சாவிக்கொத்து குலுங்க வருவார். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்பார். ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு மறு கையின் ஒற்றை விரலால் இருபது எழுத்தையும் குத்துவார். பாதி நாள் தப்பாகும். திரும்ப முதலிலிருந்து. உட்கார்ந்தால் அடுத்த ஃபைல் ரெடி.

மூன்றாவது வாரம் அவருக்கே பொறுக்கவில்லை. நெட்வொர்க்காரரைக் கூப்பிட்டார்.

"பாஸ்வேர்டே கேக்காம போற மாதிரி பண்ணலாங்க" என்றார் அவர். "பாதுகாப்பாவும் இருக்கும். இருபதாயிரம் ஆகும். சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன்."

"இருபதாயிரமா! நீ என்ன, கம்ப்யூட்டருக்குப் பல்லா கட்டப் போற?"

"அதுக்கு மேல உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அப்போது லோடு இறக்கிக்கொண்டிருந்த தபால் காதில் இது விழுந்தது. அவன் மனைவியின் தம்பி வெளியூரில், அறை முழுக்கக் கம்ப்யூட்டர் அடுக்கி வைத்திருக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பாஸ்வேர்டு கூத்தைப் போனில் சொன்னபோது, "இதுக்கா மாமா இவ்ளோ பாடு? பத்து நிமிஷ வேலை" என்று சிரித்தவன். தபால் கையிலிருந்த ஷீட்டைக் கீழே வைத்தான்.

"அம்மா, நான் பண்றேன்."

பட்டறையே சிரித்தது. வெட்டு மாஸ்டர் சிரித்ததில் அவர் வாயில் வைத்திருந்த பென்சில் விழுந்தது.

"நீயா? நீ எழுத்துக் கத்துக்கிட்டதே முப்பத்தெட்டு வயசுல" என்றார் முதலாளியம்மா.

"ஆமாம்மா. இப்ப நாப்பத்தி நாலு. ஆறு வருஷம் ஆச்சு."

பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்து படித்தவன் அவன். பாதிப் படிப்பு பட்டறையில்தான் நடந்தது. எழுத்துகளைத் தூக்கித் தூக்கிப் பழகினான். இரண்டடி 'ழ'வைத் தனியாகத் தூக்க முடியாது, 'ப' என்றால் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தும் அப்படித்தான் வந்தது. மற்றவர்கள் எழுத்தைக் கண்ணால் தெரிந்துகொண்டார்கள், அவன் தோளால் தெரிந்துகொண்டான்.

"பண்ணிட்டா என்ன வேணும்?" என்று கேட்டார் முதலாளியம்மா. அவருக்கு அதற்குள் கணக்கு ஓடிவிட்டது.

"மூணு வாரம் பிடிச்சது போக என் பாக்கி பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதும்மா. அதைத் தள்ளிடுங்க."

"சனிக்கிழமை நாலு மணிக்குள்ள முடிக்கணும். இல்லன்னா அவன் வந்து பண்ணுவான். உன்னால வீணான நேரத்துக்கு அந்த இருபதாயிரத்துல பாதியும் உன் கணக்குல ஏறும். சம்மதமா?"

"சம்மதம்" என்றான்.

அன்று சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னான். அவள் ஒரு செருப்போடு நின்றாள். "கடனைத் தீர்க்கப் போறியா, இன்னொண்ணு வாங்கப் போறியா?" என்றாள். பிறகு, "என் தம்பி சொல்றதை அப்படியே கேளு. உன் புத்தியை நடுவுல விடாத" என்று சொல்லிவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். முன் ரூமில் டிசைனர் நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று சாப்பிட்டாள். மச்சான் போனில் இருந்தான்.

"மாமா, முதல்ல ஒரு ஜோடி செய்யப் போறோம். ஒரு பூட்டு, ஒரு சாவி. நான் சொல்ற எழுத்தை ஒண்ணொண்ணா அடி."

அடித்தான். ரகசிய வாக்கியம் வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வெறுமனே என்டர் தட்டச் சொன்னான் மச்சான். திரையில் கோழி கிளறிப் போட்ட மாதிரி புள்ளியும் நட்சத்திரமுமாக ஒரு படம் வந்தது.

"ஏதோ உடைஞ்சு போச்சுடா!"

"உடையல மாமா. அது அப்படித்தான் வரும். இப்ப ரெண்டு ஃபைல் வந்திருக்கா? ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒண்ணுக்கு மட்டும் பின்னால வால் இருக்கும்."

"இருக்கு. பி, யு, பி."

"வால் இருக்கறது பூட்டு. அதைப் பொதுச்சாவின்னு சொல்வாங்க, நீ பூட்டுன்னே வச்சுக்க. எத்தனை வாசல்ல வேணா மாட்டலாம், எவன் பார்த்தாலும் கவலை இல்லை. வால் இல்லாதது சாவி. அது இந்தக் கம்ப்யூட்டரை விட்டு நகரவே கூடாது. எனக்குக்கூட அனுப்பாத. நானே கேட்டாலும் குடுக்காத."

"நீ கேட்டா உன் அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"அய்யோ, அதுக்கு நான் கேக்காமலே இருந்துடறேன்."

சாவி என்ற சொல் காதில் பட்டதும் முதலாளியம்மா வந்து நின்றார். கையை நீட்டினார். "ரெடியாயிடுச்சா? குடு."

"இது எடுத்துக் குடுக்கற சாவி இல்லம்மா."

"என் பட்டறையில என்கிட்ட இல்லாம ஒரு சாவியா?" இடுப்பில் கொத்து குலுங்கியது. "ஒரு டூப்ளிகேட்டாவது போட்டுக் குடு."

டிசைனர் சோற்றை வாயில் வைத்தபடி மெல்லுவதை நிறுத்தினாள். தபால் தலையைச் சொறிந்தான். "அம்மா, இந்தக் கம்ப்யூட்டர் யாருது?"

"என்னுது."

"இந்த ரூமு சாவி எங்க இருக்கு?"

முதலாளியம்மா இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அதுக்குள்ள இருக்கற சாவி யாருகிட்ட இருக்கு?"

முகத்தில் ஒரு திருப்தி பரவியது. "அதுவும் சரிதான்" என்றார்.

பூட்டை ஷெட்டுக் கம்ப்யூட்டரில் மாட்ட, ஒரே ஒரு தடவை பழைய பாஸ்வேர்டு வேண்டியிருந்தது. "இதுதான் கடைசிம்மா" என்றான் தபால். அவர் எல்லாரையும் திரும்பச் சொல்லிவிட்டு ஒற்றை விரலால் குத்தினார். பூட்டு போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது.

"இப்ப உள்ள போய்ப் பாரு மாமா. ஒண்ணும் கேக்காது."

தபால் அடித்தான். என்டர் தட்டினான்.

பாஸ்வேர்டு கேட்டது.

இன்னொரு தடவை. கேட்டது. மச்சான் ஒவ்வொரு எழுத்தையும் திரும்பச் சொல்ல வைத்தான். எழுத்தில் தப்பே இல்லை. மணி அடித்தது, சாப்பாட்டு நேரம் முடிந்தது. முதலாளியம்மா தன் மேஜைக்குப் போய் நீல நோட்டை எடுத்து வெளியே வைத்தார். சும்மாதான் வைத்தார். தபாலுக்கு அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலை மச்சானுக்கு லீவு இல்லை. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்: "கதவைத் தட்டினவன்கிட்ட ஏன்னு கேட்டா பதில் வராது மாமா. கதவைத் திறக்காதவன்கிட்ட கேளு. ஷெட்டுக் கம்ப்யூட்டர் நடந்ததை எல்லாம் குறிச்சு வச்சிருக்கும்." எங்கே பார்க்க வேண்டும் என்பதை எழுதி அனுப்பினான்.

அதைப் பார்க்கவும் முதலாளியம்மா வந்து பாஸ்வேர்டு அடிக்க வேண்டியிருந்தது.

"கடைசின்னு சொன்ன?"

"அது நேத்து கடைசிம்மா. இது இன்னிக்குக் கடைசி."

ஷெட்டுத் திரையில் வரிவரியாக ஆங்கிலம் ஓடியது. டிசைனர் எட்டிப் பார்த்தாள். "மறுத்தாச்சுன்னு போட்டிருக்கு அண்ணே. அவ்வளவுதான். மறுத்தது நமக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள்.

வேகமாகப் படிக்கிறவர்கள் முதல் இரண்டு சொல்லிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள். தபாலுக்கு அந்த வசதி இல்லை. ஒரு எழுத்தை விட்டால் அடுத்த எழுத்து அவனுக்குப் பிடிபடாது. பலகைக்குச் சட்டம் அடிக்கிற தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு, ஒரு பிளைவுட் துண்டில் அந்த வரி முழுவதையும் பலகை எழுத்து மாதிரி பெரிதாக வரைந்தான். மூன்று வரி ஆயிற்று. தூக்கிக்கொண்டு முன் ரூமுக்குப் போனான்.

"தங்கச்சி, இதை முழுசாச் சொல்லு. கடைசி எழுத்து வரைக்கும்."

"என்ன அண்ணே, பலகை ஆர்டரா?" என்று சிரித்துக்கொண்டே படித்தாள். "மறுத்தாச்சு... இந்த ஃபோல்டரோட உரிமையோ, அனுமதியோ சரியில்லை... அப்புறம் ஃபோல்டர் பேரு. 'வரவு'."

"அனுமதி சரியில்லையா?"

"ஆமாம். யார் யார் உள்ள வரலாம், யார் எழுதலாம்னு இருக்குமே, அது."

தபால் பிளைவுட்டைக் கீழே போட்டான்.

அவன்தான் பண்ணினான். வேறு யாரும் இல்லை. நெட்வொர்க்காரர் 'வரவு' கணக்கைத் திறந்துவிட்டுப் போன அன்றே வெட்டு மாஸ்டர் கத்தினார், வந்த ஃபைலைத் தன் கணக்கிலிருந்து திறக்க முடியவில்லை என்று. அந்த ஷெட்டில் எதற்கும் பூட்டு கிடையாது. கருவி அலமாரிக்குக் கதவே இல்லை. ஒருத்தர் சாப்பாட்டுப் பாத்திரத்தை இன்னொருத்தர் திறப்பார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஃபோல்டர் மட்டும் மூடிக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? நெட்வொர்க்காரர் மூடாமல் விட்டுப்போன 'வரவு' கணக்கின் திரையிலேயே தபால் பெரிய மனதோடு எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டான். படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். மூன்று வாரத்தில் அதற்குள் தச்சரின் பாட்டு நானூறு, பெயின்டருடைய பிள்ளையின் பிறந்தநாள் போட்டோ, மாஸ்டர் எங்கிருந்தோ இறக்கிய குஸ்திப் படங்கள் எல்லாம் குடியேறிவிட்டன.

பூட்டு மாட்டியதும் அதே ஃபோல்டருக்குள்தான்.

ஷெட்டுக்கு ஓடினான். எண்பத்திரண்டு எட்டை ஐம்பதில் கடந்தான்.

"மாஸ்டர், தச்சரே, பெயின்டரே! எல்லாரும் உங்க சாமானை 'வரவு'க்குள்ள இருந்து எடுங்க. அதைச் சாத்தப் போறேன்."

"யாருக்குச் சாத்தற?" என்றார் மாஸ்டர்.

"எல்லாருக்கும்."

"எனக்குமா?" மாஸ்டர் மிஷினையே நிறுத்திவிட்டார். "டேய் தபாலு, ஆபீஸ் நாற்காலியில ரெண்டு நாள் உக்காந்ததும் எனக்கே கதவைச் சாத்தற அளவுக்கு வந்துட்டியா?"

"மாஸ்டர், அதுக்குள்ள ஒரு பூட்டு மாட்டியிருக்கேன். எவன் வேணா உள்ள வந்து அந்தப் பூட்டைக் கழட்டி வேற பூட்டு மாட்டிட்டுப் போகலாம்னா, கம்ப்யூட்டர் அந்தப் பூட்டை எப்படி நம்பும்? அதான் பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு."

"நான் மாத்துவேனா?"

"நீங்க மாத்த மாட்டீங்க. ஆனா அதுக்கு உங்களைத் தெரியாதே."

"ரெண்டு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், தெரியாதாம்!" மாஸ்டர் கம்ப்யூட்டரை ஒரு முறை முறைத்தார். சொந்தக்காரன் கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டால் பார்க்கிற பார்வை.

தபால் சமாதானத்துக்கு வழி கண்டான். வெளியே, 'பொது' என்று புதிதாக ஒரு ஃபோல்டர். பாட்டு, போட்டோ, குஸ்தி எல்லாம் அங்கே. டிசைனர் அனுப்புகிற ஃபைலும் அங்கேயே வந்து விழட்டும், மாஸ்டர் அங்கிருந்தே எடுத்து வெட்டட்டும். பூட்டு இருக்கிற 'வரவு' மட்டும் யாரும் கைவைக்காமல் மூடிக் கிடக்கட்டும். குஸ்திப் படத்துக்கு இடம் உறுதியானதும் மாஸ்டர் இறங்கி வந்தார். நானூறு பாட்டை நகர்த்த அவரே உதவினார். நடுவில் இரண்டைப் போட்டும் கேட்டார்.

மணி மூன்றே கால். முதலாளியம்மா காலையில் திறந்துவிட்ட கணக்கிலேயே, 'வரவு' ஃபோல்டரில் மற்றவர்களுக்கு இருந்த அனுமதி ஒவ்வொன்றையும் தபால் எடுத்தான். இரண்டு தடவை சரிபார்த்தான். முன் ரூமுக்கு வந்தான். முதலாளியம்மா ஏற்கெனவே வந்து நின்றிருந்தார், ஒற்றை விரலைத் தயாராக நீட்டிக்கொண்டு.

"அனுப்பு தங்கச்சி."

டிசைனர் ஒரு முடிதிருத்தும் கடைப் பலகையை அனுப்பினாள். என்டர்.

ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு வரி வந்தது, போனது. திரை அடுத்த வேலைக்குக் காத்துக்கொண்டு சும்மா இருந்தது.

"கெட்டுப் போச்சா?" என்றார் முதலாளியம்மா.

"பாஸ்வேர்டு கேக்கலையே அண்ணே..." என்றாள் டிசைனர், குரலை இறக்கி.

அப்போது முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. பட்டறை கட்டிய நாளிலிருந்து அவ்வளவு சத்தமாக அவர் கத்தியதில்லை.

"டேய் தபாலு! கத்தரிக்கோல் படம் வந்துடுச்சுடா! நீ எங்கடா இருக்க?"

"இங்கதான் மாஸ்டர்! நான் வரவே இல்லை!"

"நீ வராமலே வந்துடுச்சுடா!"

டிசைனர் தபாலின் முதுகில் ஒன்று போட்டாள். அவன் ஓடினான், ஷெட்டைத் தொட்டான், கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பி ஓடி வந்தான். எதற்கு ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. முதலாளியம்மா டிசைனரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். ஒரு ஃபைலை அனுப்பினார். கேட்கவில்லை. இன்னொன்று. கேட்கவில்லை. ஏழு தடவை அனுப்பினார். "போதும்மா! எத்தனை கத்தரிக்கோல் வெட்டறது?" என்று மாஸ்டர் கத்திய பிறகுதான் நிறுத்தினார்.

"பாரேன், என் முகத்தைப் பார்த்ததும் பேசாம வழி விடுது" என்றார்.

உடனே நெட்வொர்க்காரருக்குப் போன் போட்டார். "வர வேணாம்ப்பா. எங்காளு முடிச்சுட்டான்... யாரா? லோடு ஏத்தறவன்தான்." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த இன்பத்தை இருபதாயிரம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

போனை வைத்ததும் முகம் கொஞ்சம் மாறியது. நீல நோட்டைக் கையால் தடவினார்.

"தபாலு... பாதியாத் தள்ளிட்டா என்ன? மீதியை வாரம் நூறு நூறா..."

கதவருகில் மாஸ்டர் வந்து நின்றார், கையில் சுடச்சுட வெட்டிய கத்தரிக்கோல். அவருக்குப் பின்னால் தச்சர். தச்சருக்குப் பின்னால் பெயின்டர். டிசைனர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு எழுந்து நின்றாள்.

"ஏம்மா, நாளையில இருந்து பழையபடி நீங்களே வந்து அடிக்கறீங்களா? அந்தப் பூட்டைக் கழட்ட ஒரு நிமிஷம்தான் ஆகும்" என்றார் மாஸ்டர்.

முதலாளியம்மாவின் கை தானாக முட்டிக்குப் போயிற்று. அடுத்த கணம் பேனாவைத் திறந்தார். பாக்கிக்கு மேல் குறுக்கே கோடு இழுத்து, பக்கத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டைத் திருப்பி வைத்தார்.

"இந்தா. படிச்சுக்க."

சனிக்கிழமை அவன் மனைவிக்கு ஷிஃப்டு நாலு மணிக்கே. தபால் முதலில் அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "செருப்பு மாட்டிட்டியா?" என்றான்.

"மாட்டிக்கிட்டு இருக்கேன். என்ன ஆச்சு? சீக்கிரம் சொல்லு."

"இரு. படிக்கறேன்."

நோட்டின் மேல் விரலை வைத்தான். எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, கடைசிப் புள்ளி வரைக்கும் போனான்.

"ப...தி...னா...றா...யி...ரத்துத் தொள்ளா...யிரத்து அறு...பது. த...ள்...ளு...ப...டி. பா...க்...கி இ...ல்...லை."

போனில் ஒரு செருப்பு கழன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.